தலைவலி: பினாங்கு மருந்துக் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜோர்ஜ்டவுனில் லிட்டில் இந்தியாவை ஒட்டிய ஒரு மருந்துக் கடையில் மருந்தாளராக வேலை பார்க்கிறேன். "தலைவலிக்கு ஓர் அட்டை கொடுங்க" என்று வருகிறவர்களுக்குக் குறைவே இல்லை. என்ன தலைவலி என்று திருப்பிக் கேட்டால் பலர் முழிக்கிறார்கள். தலைவலி என்றால் தலைவலிதானே என்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு வகைக்கு ஏற்ற மருந்து இன்னொரு வகைக்கு வேலை செய்யாது, சில சமயம் கெடுதலும் செய்யும். கவுண்டரில் நின்று அவசர அவசரமாகச் சொல்லும் பதில்களை இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன்.

தலைவலியில் எத்தனை வகை இருக்கிறது?

அனைத்துலகத் தலைவலிச் சங்கம் 2018இல் வெளியிட்ட மூன்றாம் பதிப்புப் பட்டியலில் நூற்றுக்கு மேல் இருக்கிறது. நமக்கு அவ்வளவு தேவையில்லை. முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தலைவலியே நோயாக இருப்பது ஒன்று. வேறொரு நோயின் அறிகுறியாக வருவது இன்னொன்று. காய்ச்சல், சைனஸ், தலையில் அடி, மூளையில் ரத்தக் கசிவு எல்லாம் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை.

முதல் வகையில் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று: இறுக்கத் தலைவலி, மைக்ரேன், கிளஸ்டர். கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது முதல் இரண்டில் ஒன்றுதான்.

எப்போது மாத்திரையைத் தேடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?

மற்றக் கேள்விகளுக்கெல்லாம் பதில் அப்புறம் படித்துக்கொள்ளலாம். இதை இப்போதே படித்துவிடுங்கள்.

இடி விழுந்ததுபோல் ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் வலி, "வாழ்நாளில் இப்படி வலித்ததே இல்லை" என்று சொல்ல வைக்கும் வலி, மூளையில் ரத்தக் கசிவாக இருக்கலாம். 999க்கு அழையுங்கள். தலைவலியோடு முகம் ஒரு பக்கம் கோணுவது, கை தூக்க முடியாமல் போவது, பேச்சு குழறுவது, வலிப்பு வருவது, மயங்குவது எல்லாம் அப்படியே. காய்ச்சலோடு கழுத்து விறைத்து, தாடை நெஞ்சில் படும்படி குனிய முடியாவிட்டால் மூளைக்காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும்.

இன்னும் சில நிலைகளில் ஆம்புலன்ஸ் தேவைப்படாது, ஆனால் நாள் கடத்தாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். 50 வயதுக்கு மேல் முதன்முறையாகத் தொடங்கும் தலைவலி. இருமினாலோ குனிந்தாலோ கூடும் வலி. தூக்கத்திலிருந்து எழுப்பி, காலையில் வாந்தியோடு வந்து, வாரத்துக்கு வாரம் மோசமாகும் வலி. புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்களுக்குப் புதிதாக வரும் வலி. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்த பிறகு வரும் வலியும்தான். விழுந்து சில நாள் ஆகிவிட்டது, இனி ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள். வயதானவர்களுக்கும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் கசிவு வாரக்கணக்கில் மெல்ல மெல்லச் சேரும்.

எனக்கு வருவது மைக்ரேனா, சாதாரணத் தலைவலியா?

வலி வரும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

விளக்கை அணைத்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, பிள்ளைகளைச் சத்தம் போடாதே என்று சொல்லிவிட்டுப் படுத்துவிடுகிறீர்களா? மாடிப்படி ஏறினால் வலி கூடுகிறதா? குமட்டுகிறதா? பக்கத்து வீட்டுச் சாம்பிராணிப் புகையோ மல்லிகைப்பூ வாசனையோ தாங்க முடியவில்லையா? அப்படியென்றால் மைக்ரேனாக இருக்க வாய்ப்பு அதிகம். மருந்து போடாவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கும். பெரும்பாலும் ஒரு பக்கமாக, நாடித்துடிப்போடு சேர்ந்து விண் விண்ணென்று தெறிக்கும்.

இறுக்கத் தலைவலிக்காரர் முனகிக்கொண்டே வேலையைப் பார்த்துவிடுவார். தலையைச் சுற்றித் துணியை இறுக்கிக் கட்டினதுபோல் இரண்டு பக்கமும் அழுத்தும். நடந்தால் கூடாது, வாந்தி வராது. அரை மணி நேரத்திலும் போகலாம், ஒரு வாரமும் இழுக்கலாம்.

மைக்ரேன் வலி தொடங்குவதற்கு முன்னாலேயே சிலருக்கு உடம்பு சொல்லிவிடும். அடிக்கடி கொட்டாவி வரும், கழுத்து இறுகும், காரணமில்லாமல் எரிச்சல் வரும், இனிப்பு சாப்பிடத் தோன்றும். "சாக்லேட் சாப்பிட்டேன், தலைவலி வந்துவிட்டது" என்று சொல்கிறவர்கள் பலருக்கு நடப்பது தலைகீழ். மைக்ரேன் ஏற்கெனவே தொடங்கிவிட்டது, அதனால்தான் சாக்லேட் கேட்டது. கழுத்து வலியில் தொடங்குவதைப் பார்த்து எலும்புத் தேய்மானம் என்று எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு அலைகிறவர்களும் உண்டு.

இரண்டு பக்கமும் வலிக்கிறதே, அது மைக்ரேன் ஆகுமா?

ஆகும். ஒரு பக்கம்தான் வலிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. குமட்டலும், வெளிச்சம் சத்தம் தாங்காததும், படுக்க வைப்பதும்தான் முக்கியமான அடையாளங்கள்.

எனக்கு சைனஸ். மாதம் இரண்டு மூன்று முறை வருகிறது. சைனஸ் மாத்திரை போதுமா?

காய்ச்சல் இல்லை, மூக்கிலிருந்து கெட்டியாகப் பச்சையோ மஞ்சளோ வரவில்லை, ஆனால் மாதம் தவறாமல் கன்னமும் நெற்றியும் வலிக்கிறது என்றால் அது சைனஸாக இருக்கும் வாய்ப்பு குறைவு. தங்களுக்குச் சைனஸ் தலைவலி என்று சொல்லிக்கொண்டவர்களை அமெரிக்காவில் முறையாகப் பரிசோதித்தபோது பத்தில் எட்டுப் பேருக்கு மேல் மைக்ரேன் அடையாளங்கள் இருந்தன. மைக்ரேனிலும் மூக்கு ஒழுகும், கண்ணில் நீர் வரும். அதுதான் ஏமாற்றிவிடுகிறது.

நம் ஊர் ஜெரெபு காலத்தில் குழப்பம் இன்னும் கூடும். புகைமூட்டம் மூக்கையும் உறுத்தும், சிலருக்கு மைக்ரேனையும் கிளப்பும். மூக்கடைப்பு மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருக்கிறவர்கள், குமட்டலும் வெளிச்சமும் தங்களை எப்படிப் பாதிக்கின்றன என்று ஒரு முறை கவனித்துவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அந்த மூக்கடைப்பு மாத்திரைகளில் சில ஆகாது.

தலை வலித்தால் பிரஷர் கூடிவிட்டது என்று அர்த்தமா?

பெரும்பாலும் இல்லை. 150, 160 என்ற அளவில் இருக்கும் ரத்த அழுத்தம் பொதுவாகத் தலைவலி தருவதில்லை. அதனால்தான் அது ஆபத்து: ஒரு சத்தமும் இல்லாமல் இதயத்தையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். தலை வலிக்கவில்லை, அதனால் பிரஷர் மாத்திரை வேண்டாம் என்று நிறுத்துகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு பதறுகிறது. தயவுசெய்து நிறுத்தாதீர்கள். அழுத்தம் 180க்கு 120 என்ற அளவைத் தாண்டி, கூடவே தலைவலி, பார்வை மங்கல், நெஞ்சுவலி இருந்தால் அது அவசரம்.

இன்னொன்றும் இருக்கிறது. வலியே ரத்த அழுத்தத்தை ஏற்றும். தலை பிளக்கும்போது அளந்து பார்த்துப் பயப்படாதீர்கள். வலி அடங்கிய பிறகு, உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்து அளந்து பாருங்கள்.

வலிக்கு முன்னால் கண்ணில் மின்னல் மாதிரி தெரிகிறது. பயப்பட வேண்டுமா?

வளைந்து நெளிந்து மினுங்கும் ஒரு கோடு, நடுவில் பார்வை மறைவது, விரலில் தொடங்கி மெல்ல மேலே ஏறும் மரமரப்பு. இவை 5 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விட்டு, பிறகு தலைவலி வந்தால் அது மைக்ரேனுக்கு முன்வரும் ஔரா. மெல்லப் பரவுவதுதான் இதன் அடையாளம். பக்கவாதத்தில் எல்லாம் சட்டென்று நடக்கும். முதன்முறை வரும்போது நீங்களாக முடிவு செய்யாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

ஔரா வரும் பெண்கள் ஒரு விஷயத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை அவர்களுக்கு ஆகாது. பக்கவாத ஆபத்தைக் கூட்டும். ஈஸ்ட்ரோஜன் இல்லாத வேறு வழிகள் இருக்கின்றன. கருத்தடை மாத்திரை வாங்கப் போகும்போது யாரும் தலைவலியைப் பற்றிக் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. இனி சொல்லுங்கள்.

மாத்திரையை எப்போது போட வேண்டும், எவ்வளவு போட வேண்டும்?

மைக்ரேன் என்றால் வலி இலேசாக இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். "தாங்கிப் பார்ப்போம், முடியாவிட்டால் போடலாம்" என்று இருப்பவர்களுக்குத்தான் மருந்து வேலை செய்யாமல் போகிறது. மைக்ரேன் தீவிரமானால் இரைப்பையின் ஓட்டம் மந்தமாகிவிடும். விழுங்கின மாத்திரை வயிற்றிலேயே கிடக்கும், இல்லாவிட்டால் வாந்தியில் வெளியே வந்துவிடும். அதனால்தான் டாக்டர்கள் வாந்தியை நிறுத்தும் மருந்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள்.

அளவைக் குறைத்துப் போடுவதும் வீண். பெரியவர்களுக்குப் பாரசிட்டமோல் 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு. 4 முதல் 6 மணி நேர இடைவெளி விட வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு மாத்திரையைத் தாண்டக் கூடாது. எடை 50 கிலோவுக்குக் குறைந்தவர்களும், கல்லீரல் கோளாறு உள்ளவர்களும், மது அதிகம் குடிப்பவர்களும் அதைவிடக் குறைவாகத்தான் எடுக்க வேண்டும். பனடோலும் பாரசிட்டமோலும் ஒன்றுதான். சளி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை பலவற்றிலும் அதுவே கலந்திருக்கும். மூன்றையும் சேர்த்துப் போட்டால் கல்லீரல் கெட்டுவிடும்.

மைக்ரேனுக்குப் பாரசிட்டமோலை விட ஐபுபுரோஃபென் 400 மில்லிகிராம் பலருக்கு நன்றாகக் கேட்கும். சாப்பாட்டுக்குப் பிறகு எடுக்க வேண்டும். ஆனால் சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண், இதயநோய், மாத்திரையால் கிளம்பும் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு வேண்டாம். மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு அதிகம், அதோடு சிறுநீரகப் பாதிப்பும் வரும். "அப்பாவுக்குக் கொடுத்த வலி மாத்திரைதான், நானும் போட்டேன்" என்று நம் வீடுகளில் மாத்திரை கைமாறுவதை நினைத்தால் கவலையாக இருக்கிறது.

இவை கேட்காவிட்டால் டிரிப்டான் வகை மருந்துகள் இருக்கின்றன. சுமட்ரிப்டான் 50 மில்லிகிராம் அவற்றில் ஒன்று. மைக்ரேனுக்கென்றே செய்த மருந்து, டாக்டர் சீட்டு வேண்டும். மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களுக்கும் கட்டுப்படாத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் கொடுக்க மாட்டார்கள். வலியில் பல வருடம் துடித்தவர்களில் சிலர் இப்படி ஒரு மருந்து இருப்பதையே கேள்விப்பட்டதில்லை.

காய்ச்சலும் தலைவலியும் சேர்ந்து வந்தால்?

நம் ஊரில் முதலில் டிங்கியை நினையுங்கள். கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போன்ற நோவு, திடீர்க் காய்ச்சல். பாரசிட்டமோல் மட்டும் போடுங்கள். ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின், கிளினிக்கில் முன்பு கொடுத்து மிச்சமிருக்கும் போன்ஸ்தான், வோல்டரன் எதுவும் வேண்டாம். டிங்கியில் ரத்தத்தட்டுகள் குறையும், இந்த மாத்திரைகள் ரத்தக் கசிவைக் கூட்டும். அப்புறம் கிளினிக்குக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காய்ச்சல் விட்டதும் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். டிங்கியில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

தினமும் மாத்திரை போடுகிறேன். ஆனாலும் தினமும் வலிக்கிறது. ஏன்?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் ஓர் அக்கா எங்கள் கடைக்கு வருவார். ஒரு நாள் வேறு மாத்திரை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இப்போது என்ன போடுகிறீர்கள் என்றேன். கைப்பையைத் திறந்து காலி அட்டைகளை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். பாரசிட்டமோல், கஃபைன் கலந்த பாரசிட்டமோல், ஏதோ கிளினிக்கில் கொடுத்த வலி மாத்திரை. ஓர் அட்டையின் ஓரத்தில் பாதியாக உடைத்த மாத்திரை ஒன்று மட்டும் மிச்சம். அட்டைகளில் கோடாலித் தைலத்தின் வாசனை. "வேலைக்குப் போகுமுன் இரண்டு, பிரேக்கில் இரண்டு. போடாவிட்டால் நிற்க முடியாதுப்பா. எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்தால் அலவன்ஸ் போய்விடும்" என்றார்.

அவருக்கு ஆரம்பத்தில் இருந்தது மைக்ரேன். மாதம் இரண்டு மூன்று முறை வந்தது, அவ்வளவுதான். அதைத் தினவலியாக மாற்றியது மாத்திரைகள். மருந்து மிகுதியால் வரும் தலைவலி என்று இதற்குப் பெயர். மைக்ரேன் அல்லது இறுக்கத் தலைவலி ஏற்கெனவே இருப்பவர்களுக்கு வரும். பாரசிட்டமோல், ஐபுபுரோஃபென் போன்றவற்றை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து எடுத்தால் வந்துவிடலாம். டிரிப்டான், எர்கோட்டமின் என்ற பழைய மைக்ரேன் மருந்து, கொடைன் என்ற அபின் வகை வலி மருந்து கலந்தவை, கஃபைன் சேர்ந்த கூட்டு மாத்திரைகள் என்றால் 10 நாளே போதும். எத்தனை மாத்திரை என்பதல்ல, எத்தனை நாள் என்பதுதான் கணக்கு.

இதற்கு மருந்து, மருந்தை நிறுத்துவதுதான். கேட்டதும் எல்லோரும் பயப்படுகிறார்கள். பயம் நியாயமானது. நிறுத்தின முதல் இரண்டு நாளிலிருந்து பத்து நாள் வரை வலி இன்னும் கூடும். வாந்தி, தூக்கமின்மை, பதற்றம் வரும். அந்த நாட்களைத் தாண்டினால் பெரும்பாலோருக்கு இரண்டு மாதத்துக்குள் வலி நாட்கள் வெகுவாகக் குறையும். சாதாரண வலி மாத்திரைகளை ஒரேயடியாக நிறுத்தலாம். கொடைன், டிரமடோல், தூக்க மாத்திரை போன்றவற்றை டாக்டர் பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். கூடவே தடுப்பு மருந்தும் தொடங்குவார்கள். விடுப்பு எடுக்க முடிந்த வாரமாகப் பார்த்துத் தொடங்குங்கள். வீட்டில் எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அந்த அக்காவை டாக்டரிடம் அனுப்பினோம். அலவன்ஸ் பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது. வலியோடு வேலைக்கு வந்தால் பணம், படுத்தால் வெட்டு என்ற ஏற்பாடு இருக்கும் வரை மாத்திரை அட்டைகள் காலியாகிக்கொண்டேதான் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

டாக்டர் மனநோய் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கு மனசில் ஒன்றும் இல்லையே?

அமிட்ரிப்டிலினாக இருக்கும். மனச்சோர்வுக்குக் கண்டுபிடித்த மருந்துதான். 10 மில்லிகிராம் போன்ற சிறிய அளவில் இரவில் எடுத்தால் தலைவலியைத் தடுக்கும். மைக்ரேனுக்கும் நாட்பட்ட இறுக்கத் தலைவலிக்கும் கொடுப்பார்கள். உங்களைப் பைத்தியம் என்று யாரும் சொல்லவில்லை. அதே மாதிரி புரோபிரனோலோல் ரத்த அழுத்த மருந்து, டொப்பிரமேட் வலிப்பு மருந்து. எல்லாமே மைக்ரேனைத் தடுக்கவும் உதவும்.

மாதத்தில் நான்கு நாளோ அதற்கு மேலோ வேலையைக் கெடுக்கும் அளவுக்கு வலித்தால் தடுப்பு மருந்து பற்றிப் பேசலாம். வலி வந்தாலும் வராவிட்டாலும் தினமும் எடுக்க வேண்டும். எட்டு வாரமாவது எடுத்துப் பார்க்காமல் "கேட்கவில்லை" என்று முடிவு கட்டக் கூடாது. புரோபிரனோலோல் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. அமிட்ரிப்டிலின் வாயை உலர்த்தும், காலையில் அசத்தும். டொப்பிரமேட்டும் இன்னொரு வலிப்பு மருந்தான வல்ப்ரோயேட்டும் கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கும், குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்கள் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். 2018இலிருந்து மைக்ரேனுக்கென்றே உருவான தடுப்பு ஊசிகளும் வந்திருக்கின்றன. விலைதான் அதிகம்.

நடுராத்திரி ஒரே நேரத்துக்குக் கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது. கண் சிவந்து நீர் கொட்டுகிறது.

கிளஸ்டராக இருக்கலாம். மைக்ரேன்காரர் அசையாமல் படுப்பார். இவரால் உட்காரவே முடியாது, நடப்பார், சுவரில் தலையை முட்டுவார். 15 நிமிடத்திலிருந்து 3 மணி நேரம் வரை நீடிக்கும். ஒரே நாளில் எட்டு முறைகூட வரலாம். சில வாரங்கள் வந்துவிட்டு மாதக்கணக்கில் காணாமல் போகும். ஆண்களுக்கு அதிகம். சாதாரண வலி மாத்திரை வேலை செய்யத் தொடங்குவதற்குள் வலியே முடிந்துவிடும், அதனால் அதில் பயனில்லை. முகமூடி வழியாக நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர் தூய ஆக்ஸிஜன், சுமட்ரிப்டான் ஊசி, தடுக்க வெரபமில். நரம்பியல் நிபுணரைத்தான் பார்க்க வேண்டும். பல்வலி என்று நினைத்து நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்கள் இதில் உண்டு.

அம்மாவுக்கு 68 வயது. தலை வாரினாலே உச்சந்தலை வலிக்கிறது, சாப்பாடு மெல்லும்போது தாடை வலிக்கிறது என்கிறார்.

இன்றைக்கே கூட்டிப் போங்கள். நெற்றிப்பொட்டு ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். ஆசியர்களுக்கு இது அபூர்வம்தான். ஆனால் கவனிக்காவிட்டால் பார்வையைப் பறித்துவிடும், போன பார்வை திரும்பாது. ரத்தப் பரிசோதனை செய்து உடனே ஸ்டீராய்டு தொடங்குவார்கள்.

தலைக்குக் குளித்தால் தலைவலி வருகிறது. நீர் கோத்துக்கொண்டதா?

தலைக்குக் குளிப்பது மைக்ரேனைக் கிளப்பும் என்பது உண்மைதான். மும்பை மருத்துவர் ரவிசங்கர் இப்படிப்பட்ட 94 நோயாளிகளைக் கவனித்து 2006இல் ஒரு மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். ஆகவே இதைப் பாட்டி சொன்ன கதை என்று தள்ள வேண்டாம். தலைக்குள் நீர் கோப்பதெல்லாம் இல்லை. நீளமான முடி உள்ள பெண்கள் இரவில் அவசரமாகக் குளித்துவிட்டு ஈரத்தலையோடு ஏர்கோனில் படுக்காமல், வெளிச்சம் இருக்கும்போதே குளித்து உலர்த்திப் பாருங்கள். சாப்பிட்டுவிட்டுக் குளியுங்கள். வெள்ளிக்கிழமை விரதம், தலைமுழுக்கு, சாம்பிராணி மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் எந்த மைக்ரேனும் எழுந்து உட்காரும்.

விரதம், நோன்பு நாட்களில் வலி வராமல் இருக்க என்ன செய்வது?

பசியும் தண்ணீர்க் குறைவும் ஒரு காரணம். கோப்பியை நிறுத்துவது இன்னொரு காரணம். தினமும் இரண்டு மூன்று கோப்பியோ தே தாரிக்கோ குடித்துப் பழகியவர் சட்டென்று நிறுத்தினால் 24 மணி நேரத்துக்குள் தலை கனக்கத் தொடங்கும். நோன்பின் முதல் நாட்களில் வருவது பெரும்பாலும் அதுதான். ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே ஒவ்வொரு குவளையாகக் குறையுங்கள். சஹரைத் தவறவிடாதீர்கள், நன்றாகத் தண்ணீர் குடியுங்கள்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கோ பத்துமலைக்கோ காவடி எடுப்பவர்களுக்கு வெயில், கூட்டம், மேளச்சத்தம், தூக்கமின்மை எல்லாம் ஒன்றாகச் சேரும். மைக்ரேன் உள்ளவர்கள் முந்தின இரவு தூங்குவதை விரதத்தில் ஒரு பகுதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் பந்தல்களில் நின்று குடித்துவிட்டுப் போங்கள். தலைவலியோடு உடம்பு கொதித்து, குழம்பிப் பேசினால் அது வெப்பத்தாக்கு. நிழலுக்கு இழுத்து, தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்துக்கொண்டே ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்கள்.

நான் கர்ப்பமாக இருக்கிறேன். என்ன போடலாம்?

பாரசிட்டமோல்தான் முதல் தேர்வு. தேவையான நாளில் மட்டும், தேவையான அளவு. ஐபுபுரோஃபென் வகையை, முக்கியமாக 20 வாரத்துக்குப் பிறகு, தவிர்க்க வேண்டும். மைக்ரேன் உள்ள பலருக்கு நான்காம் மாதத்துக்குப் பிறகு வலி தானாகவே குறையும். ஆனால் 20 வாரத்துக்குப் பிறகு புதிதாகக் கடுமையான தலைவலி, பார்வையில் பூச்சி பறப்பது, மேல்வயிற்று வலி, முகம் வீக்கம் என்றால் மாத்திரை போட்டுப் படுக்காதீர்கள். கர்ப்பகால ரத்த அழுத்தமாக இருக்கலாம். அன்றைக்கே அளந்து பார்க்க வேண்டும்.

பையன் பள்ளியிலிருந்து தலைவலி என்று வருகிறான். நடிக்கிறானா?

முதலில் நம்புங்கள். பிள்ளைகளுக்கும் மைக்ரேன் வரும். நெற்றி முழுக்க, இரண்டு பக்கமும் வலிக்கும். சீக்கிரம் முடிந்துவிடும். வாந்தி எடுத்துத் தூங்கி எழுந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் விளையாடப் போய்விடுவான். அதைப் பார்த்துத்தான் நடிப்பு என்று நினைக்கிறோம். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ மைக்ரேன் இருந்தால் வாய்ப்பு அதிகம்.

காலை ஏழரைக்குப் பள்ளி, வெறும் வயிற்றில் வேன் ஏறுகிறான், முதல் சாப்பாடு இடைவேளையில். அதைச் சரிசெய்தாலே பாதி குறையும். இரண்டு துண்டு ரொட்டியும் பாலும் போதும். படுக்கையில் கைப்பேசியும் வேண்டாம். கண்ணையும் ஒரு முறை காட்டிவிடுங்கள். பாரசிட்டமோல் எடைக்கு ஏற்ப, ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம். 16 வயதுக்குக் கீழே ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது.

தைலம், பற்று, சொடக்கு எடுப்பது?

தைலம் தேய்த்தால் இறுக்கத் தலைவலி இலேசாகத் தணியும், கெடுதல் இல்லை. கைக்குழந்தைக்குத் தேய்க்காதீர்கள், கற்பூரம் கலந்தது ஆபத்து. சுக்குப் பற்று போட்டுக்கொண்டு அரை மணி நேரம் கண்ணை மூடிப் படுப்பதில், படுப்பதும் ஒரு மருந்துதான்.

முடிதிருத்தும் கடையில் கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். கழுத்து ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். அரிதுதான், ஆனால் இளைஞர்களுக்கும் நடக்கும். தலையையும் தோளையும் பிடித்துவிடச் சொல்லுங்கள், அது போதும்.

நாட்டு மருந்து வாங்கினால் பெட்டியில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டே நாளில் எல்லா வலியும் போய், முகம் உப்பிக்கொண்டு வந்தால் யாரோ ஸ்டீராய்டைக் கலந்திருக்கிறார்கள்.

ஹெல்மெட் போட்டால் வலிக்கிறது. ஐஸ் போட்ட செண்டோல் குடித்தாலும் வலிக்கிறது.

ஹெல்மெட் இறுக்கம். சரியான அளவு வாங்குங்கள், கழற்றி ஒரு மணி நேரத்துக்குள் வலி போய்விட வேண்டும். செண்டோல் வலி பத்து நிமிடத்துக்குள் போய்விடும், மெதுவாகக் குடியுங்கள்.

ஸ்கேன் எடுக்க வேண்டாமா?

வருடக்கணக்காக ஒரே மாதிரி வருகிறது, டாக்டர் பரிசோதித்ததில் நரம்புகள் சரியாக இருக்கின்றன என்றால் பெரும்பாலும் தேவையில்லை. மைக்ரேன் ஸ்கேனில் தெரியாது. மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இருந்தால்தான் ஸ்கேன். இடி போன்ற வலிக்கு முதல் 6 மணி நேரத்துக்குள் எடுக்கும் சிடி ஸ்கேன் மிகத் துல்லியமானது. அதனால்தான் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

எங்கே போவது, டாக்டரிடம் என்ன சொல்வது?

அரசாங்க கிளினிக்கில் தொடங்குங்கள். மலேசியர்களுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்). அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு நிபுணரிடம் போனால் 5 வெள்ளி. பினாங்கு பொது மருத்துவமனையிலும் கோலாலம்பூர் பொது மருத்துவமனையிலும் நரம்பியல் பிரிவு இருக்கிறது. காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் காத்திருக்கலாம்.

டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். "அடிக்கடி வலிக்கிறது" என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. வீட்டில் தொங்கும் குதிரை காலண்டரில் வலித்த நாளுக்கு ஒரு வட்டம், மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறி, மாதவிலக்கு நாளுக்கு ஒரு கோடு போடுங்கள். இரண்டு மாதம் போட்டுவிட்டு அந்தத் தாள்களைக் கிழித்து எடுத்துக்கொண்டு போங்கள். எத்தனை மணி நேரம் நீடிக்கிறது, குமட்டல் உண்டா, வெளிச்சம் தாங்குகிறதா, வலிக்கும்போது படுப்பீர்களா நடப்பீர்களா, குடும்பத்தில் யாருக்கு இருக்கிறது என்று நான்கு வரி பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மலாய் சரளமாக வராத பெரியவர்களோடு பேரப்பிள்ளை யாராவது போகட்டும். சாப்பிடும் எல்லா மருந்தையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். காலி அட்டைகளையும் சேர்த்துத்தான்.